கீழ்த்தண்ணீர் சக்கரபாணி

சக்கரபாணி சாரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில், நிலக்கரிச் சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் நிரந்தர வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெர்மனென்ட்கள் வரிசையாக வீடு கட்டிக்கொண்ட தெரு அது. மற்ற வீடுகளின் வாசல் சாலையோடு ஒட்டிக் கிடக்கும். அவர் வீடு மட்டும் கூட்ட மேடையில் ஏறிய தலைவர் மாதிரி உயரத்தில் நிற்கும். அடிமட்டத்தை அவ்வளவு தூக்கிக் கட்டியது மழைக்குப் பயந்து அல்ல. காரணம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்வார்: "கீழ்த்தண்ணி."

சுரங்கத்தில் அவர் பார்த்த வேலை அப்படிப்பட்டது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. பம்புகள் அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே இயந்திரங்கள் நின்று வெட்ட முடியும். இறைப்பது நின்றால் தரை அடியிலிருந்து பிளந்துகொள்ளும். அந்தப் பம்புகளில் ஒன்றின் பக்கத்தில் வேலைக்காலம் முழுக்க ஷிப்ட் மாறி ஷிப்ட் உட்கார்ந்திருந்தவர் சக்கரபாணி சார். வெளியே வரும்போது பிரிவு உபசாரச் சால்வையோடு ஒரு கொள்கையையும் கொண்டு வந்தார். தண்ணீர் எப்போதும் கீழேயிருந்துதான் வரும் என்பது அது. சால்வை பீரோவுக்குள் போய்விட்டது. கொள்கை போகவில்லை. பெர்மனென்ட் ஒருவர் ரிட்டயர் ஆகலாம், அவருடைய அபிப்பிராயம் ரிட்டயர் ஆகாது.

மழையை அவர் மதிப்பதே இல்லை.

"அது விளம்பரத் தண்ணி தம்பி," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "கண்ணுக்குத் தெரியுது, சத்தம் போடுது. ஆபத்தான தண்ணி சத்தம் போடாது."

மொட்டை மாடி விரிசலில் ஒழுகிய நீரைக்கூட, சுவர் வழியாகக் கீழேயிருந்து ஏறி மேலே போய்த் திரும்பி வருகிறது என்று விளக்கினார். மனைவி ஜானகியம்மாளின் முழங்கால் வீங்கியபோது, பாதத்திலிருந்து நீர் ஏறுகிறது என்றார். ஜானகியம்மாளுக்கு வேறு கருத்து இருந்தது. "இந்த வூட்டுப் படி ஏறி ஏறித்தான் முட்டி தேஞ்சிபோச்சு," என்பார். அறுவை சிகிச்சை செய்த டாக்டரும் ஏறக்குறைய அதையே சொன்னார். ஆனால் அவர்கள் இருவரும் நிலத்தடி நீர்ப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் இல்லை.

முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க நெய்வேலியிலேயே ஆள் உண்டு. சக்கரபாணி சார் கேட்கவில்லை. புதுச்சேரியில்தான் அறுத்தது, புதுச்சேரியில்தான் நீட்டி மடக்க வேண்டும் என்று, வாரத்தில் மூன்று நாள் மனைவியைக் காரில் கூட்டிப்போகத் தொடங்கினார். அந்தக் கார் பொற்கொடி அக்காவுடையது.

பொற்கொடி அக்கா எங்கள் பக்கத்து வீடு. டவுன்ஷிப் சாலைகளைப் பெருக்கும் கான்ட்ராக்டில் நீலச் சேலை கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவர். இடையில் கார் ஓட்டக் கற்றார், கடன் வாங்கிப் பழைய சின்ன வெள்ளைக் கார் ஒன்றை எடுத்தார், பெருக்கிய சாலைகளிலேயே ஓட்ட ஆரம்பித்தார். அவ்வப்போது ரயிலடிக்கும் கல்யாணங்களுக்கும் வாடகை கிடைக்கும். ஆனால் மாதா மாதம் வண்டியின் தவணையைக் கட்ட வைத்தது இந்தப் புதுச்சேரி வாடகைதான். அது போனால் கார் போகும். கார் போனால் நீலச் சேலை திரும்ப வரும். இது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சக்கரபாணி சாருக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் வண்டியைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் அக்கா, "சரிங்க சார்," என்பார்.

ஆயுத பூஜை வந்தது. தான் ஏறும் வண்டிக்குத் தன் தகுதிக்கேற்ற மாலை வேண்டும் என்று சக்கரபாணி சார் பண்ருட்டியிலிருந்து ஒரு சாமந்தி மாலை வரவழைத்தார். லாரிக்குப் போடும் மாலை. நடுநடுவே மாவிலை, முனையில் சரிகைக் குஞ்சம். அதைச் சின்னக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, வைப்பர்களில் சுற்றித் தானே கட்டினார். கார் மாலை போட்டதா, மாலை கார் போட்டதா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

மறுநாள் அக்கா அதை அவிழ்க்கப் போனபோது தடுத்துவிட்டார்.

"பூஜை மாலைய நாம எடுக்கக் கூடாதும்மா. தானா உதிரணும்."

"சரிங்க சார்."

மாலை காய்ந்தது, நைந்தது, தானாக உதிர்ந்தது. எங்கே உதிர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாலையில் எங்கோ விழுந்திருக்கும் என்று அவரவர் நினைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை பிடித்தது, காரும் படுத்தது.

படுத்தது என்றால் நின்றுவிடாது. அப்படி நின்றால்கூடத் தேவலாம், என்ன நோய் என்று சீக்கிரம் தெரியும். மழை தொடங்கி முதல் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு ஏதாவது ஒரு வேகத்தடையில் பிரேக் போட்டு ஏறி இறங்கினால் இழுவை போய்விடும். எஞ்சின் உதறும். மிதித்தால் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகும். மழை விட்டுச் சற்று நேரம் ஓடினால் ஒன்றுமே நடக்காதது போலச் சரியாகிவிடும். கூடவே காருக்குள் ஒரு வாடை.

அக்கா மெக்கானிக் தமிழ்மாறனிடம் கொண்டுபோனார். அவர் பட்டறை மந்தாரக்குப்பத்தில். வண்டி அங்கே போய்ச் சேரும்போது வெயில் அடித்தது. அவர் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மிஸ்ஸிங் அடிக்குதுன்னு சொன்ன. ஒண்ணும் அடிக்கலியே."

"மழையிலதாண்ணே அடிக்குது."

"அப்ப மழையில எடுத்துகினு வா."

மழையில் எடுத்துக்கொண்டு போன நாளில் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். கூரை ஒழுகுமாம். வெயில் வந்த நாளில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார், இன்னொரு வெயில் நாளில் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். வெயில் நாட்களில் வண்டி மேலும் நன்றாக ஓடியது.

இதற்குள் செய்தி தெருவில் பரவிவிட்டது. எதிர்வீட்டு அறிவுச்செல்வன் சார் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை சக்கரபாணி சார் வீட்டு வாசலில் கார் நிற்கும்போது, பல்துலக்கும் பிரஷ்ஷோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அக்காதான் கூப்பிட்டிருந்தார். "நீ மெக்கானிக்கல்தான தம்பி படிச்ச, வந்து ஒருவாட்டி பாரு," என்று.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. எஞ்சின் ஒன்றின் குறுக்குவெட்டுப் படத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் எஞ்சின் சுத்தமாக, பாதியாக வெட்டி, பாகங்களின் பெயர் எழுதி இருக்கும். பொற்கொடி அக்கா பானெட்டைத் திறந்தபோது உள்ளே பெயர் எழுதிய ஒன்றுகூட இல்லை. குனிந்து பார்த்தேன். தலையை ஆட்டினேன். தலையாட்டுவது நான்கு வருடத்தில் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒன்று.

"இன்ஜினியர் இன்னா சொல்றாரு?" என்று அறிவுச்செல்வன் சார் நுரையோடு கேட்டார்.

"பார்க்கணும் சார்."

"பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஈர எரிபொருள். மழைக்காலத்துல நிலக்கரி நனைஞ்சி வந்தா பாய்லர் இப்படித்தான் மூச்சு வாங்கும். பெட்ரோல்ல ஈரம் இருக்குது. அந்த வாடை இருக்குதே, அது அரைகுறையா எரிஞ்ச வாடை."

மேலே படியில் நின்றிருந்த சக்கரபாணி சாருக்கு இது பொறுக்கவில்லை.

"யோவ், பாய்லர் வேற, கார் வேற. வேகத்தடைகிட்டத்தான் இழுவை போவுது. ஏன்? அங்கதான் தண்ணி தேங்கி நிக்கும். வண்டி இறங்கும்போது கீழ இருந்து அடிக்குது. கீழ்த்தண்ணி. வாடை இன்னா வாடை? கந்தகம். ஆழத்துத் தண்ணிக்கு அந்த வாடை உண்டு."

"கார்ல எங்கய்யா ஆழம்?"

"தண்ணிக்கு எல்லா இடமும் ஆழந்தான்."

காருக்குள் ஏற்கெனவே காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஜானகியம்மாள் கண்ணாடியை இறக்கினார். "எனக்குக் கோயில் பின்பக்கம் போனா வருமே, அந்த வாடை மாதிரி இருக்குது," என்றார்.

யாரும் திரும்பவில்லை. அவருக்கு டிபார்ட்மெண்ட் இல்லை.

எனக்கும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சுரங்கத்தில் இருந்தவர் காரைச் சுரங்கமாகப் பார்த்தார், பாய்லரில் இருந்தவர் பாய்லராகப் பார்த்தார். நான் எதிலும் இருந்ததில்லை. அதனால் காரைக் காராகப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒன்றுமே தெரியாதவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றா வேறா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விவாதத்தில் சக்கரபாணி சார் வென்றார். வாடகைக்கு எடுப்பவர் அவர்தானே. தன் வீட்டு முதல் படியில் மிதியடியாகக் கிடந்த பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர்த் துண்டை எடுத்துவந்து, எஞ்சினுக்கு அடியில் கம்பி வைத்துக் கட்டச் சொன்னார். கீழ்த்தண்ணீருக்கு அணை. கனமான நிலக்கரியைத் தாங்கிய ரப்பர் அது. சின்னக் காரின் வயிற்றில் அதைக் கட்டியதும் வண்டி மாசமான ஆடு மாதிரி தொங்கியது. வேகத்தடைக்கு வேகத்தடை உரசி ஒரு முனகல் சத்தம் வேறு. அடுத்த மழையிலும் இழுவை போனது.

"ரப்பர் பத்தல," என்றார் சக்கரபாணி சார். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கொள்கையை மாற்றாமல் காரை மாற்ற முடிவு செய்தார். "பொற்கொடி, இந்த வெள்ளிக்கிழமையும் இதே மாதிரி மக்கர் பண்ணா, திங்கக்கிழமைலேந்து நூருல்லா டிராவல்ஸ்ல சொல்லிடப் போறேன். அவுருகிட்ட உசரமான வண்டி ஒண்ணு புதுசா வந்திருக்குது. கீழ்த்தண்ணி எட்டாது."

"சரிங்க சார்," என்றார் அக்கா. அந்த 'சரிங்க சார்' மற்றவை மாதிரி இல்லை. அன்று சாயந்திரம் என் வீட்டு வேலியோரம் வந்து நின்று, "வெள்ளிக்கிழமை நீயும் கூட வா தம்பி," என்றார். "ஒண்ணும் பண்ணாட்டியும் பரவால்ல. கூட ஒருத்தர் இருந்தா பயமில்லாம ஓட்டுவேன்." ஒன்றும் செய்யாமல் கூட இருப்பது என்ற தகுதிக்கு நான் பொருத்தமானவன்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததே மழையோடு. முன்னால் சக்கரபாணி சார், பின்னால் ஜானகியம்மாளும் நானும். வாடை முன்பைவிட மோசம். ஜானகியம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூ அழுகின வாடைங்க இது, எழுதித் தரேன்," என்றார். "பேசாம வா ஜானகி, பொற்கொடி வண்டி ஓட்டுறதுக்குக் கவனம் வேணும்," என்று சொல்லிவிட்டு, சக்கரபாணி சார் கீழ்த்தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

வழக்கப்படி கொஞ்ச தூரம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு மழை யாரோ கோடு கிழித்தது போல ஓரிடத்தில் நின்றது. அந்தப் பக்கம் சாலை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அங்கே ஒரு வேகத்தடை. அக்கா பிரேக் போட்டு மெல்ல ஏற்றி இறக்கினார். எஞ்சின் உதறியது. இழுவை போய்விட்டது.

நான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ரோட்டில் ஈரமே இல்லை.

"சார்," என்றேன். "இங்க கீழ தண்ணியே இல்லையே சார்."

சக்கரபாணி சார் திரும்பாமலே சொன்னார். "முன்னாடி ஏறின தண்ணி தம்பி. இப்பதான் வேலையக் காட்டுது. கீழ்த்தண்ணி அப்படித்தான், நேரம் எடுத்துகினு வரும்."

பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கீழே தண்ணீர் இல்லை, வானத்திலும் இல்லை, ஆனால் பிரேக் போட்டதும் எங்கிருந்தோ வருகிறது. அப்படியானால் வண்டியிலேயே எங்கோ தேங்கி இருக்கிறது, வண்டி முன்னால் சாயும்போது சிந்துகிறது. இவ்வளவும் என் மனதில் வரிசையாக வந்து நின்றன. வாய் மட்டும், "ஓஹோ," என்றது.

காடாம்புலியூரை நெருங்கும்போது மழை மறுபடி கொட்டியது. கார் முக்கி முக்கிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வைப்பர் பாதி வழியில் நின்றுகொண்டு துடித்தது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. மூடிக்கிடந்த ஒரு பலாப்பழக் கடையின் கீற்றுப் பந்தல் ஓரமாக அக்கா வண்டியை ஒதுக்கினார்.

"முடிஞ்சிதா," என்றார் சக்கரபாணி சார். "நான் அப்பவே சொன்னேன்." கைப்பேசியை எடுத்து, எங்கள் எதிரிலேயே நூருல்லாவைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமைக்கு உயரமான வண்டியைச் சொல்லிவிட்டார்.

அக்கா மழையில் இறங்கினார். வைப்பரின் அடியில் ஏதோ நார் சிக்கியிருந்தது. கோபத்தை எதன் மேலாவது காட்ட வேண்டுமே. அந்த நாரைப் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில், ஓட்டைகள் போட்ட ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடி உண்டு. மழைநீர் அதற்குள் இறங்கி ஓரத்துத் துளை வழியாகக் கீழே ஓடிவிட வேண்டும். அந்த மூடியின் உடைந்த ஓரத்திலிருந்து, வித்தைக்காரன் வாயிலிருந்து துணி உருவுகிற மாதிரி, கருத்துப்போன நார் முழம் முழமாக வந்தது. வேகவைத்த கீரையைப் போலக் குழைந்த சாமந்தி. அழுகிய மாவிலை. கடைசியில், அழுக்கேறியும் மினுமினுப்புப் போகாத சரிகைக் குஞ்சம்.

குஞ்சம் வெளியே வந்ததும் உள்ளே களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. காருக்கு அடியிலிருந்து தண்ணீர் வாய்க்கால் மாதிரி கொட்டியது.

சக்கரபாணி சார் குடையோடு கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, பாத்தியா. கீழ. ஊத்து."

நான் பானெட்டைத் தூக்கினேன். பெயர் எழுதாத எஞ்சின்தான். ஆனால் இந்த முறை ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடிப் பக்கத்து விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒன்றின் தலையில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. அதன் அடிக்குழி நிரம்பிக் கிடந்தது. இருப்பதே மூன்று சிலிண்டர். மூன்று பேர் தள்ளும் வண்டியில் ஒருவன் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும், அதுதான் ஆகியிருந்தது. மழை விட்டால் எஞ்சின் சூட்டில் காய்ந்துவிடும், வண்டி தமிழ்மாறன் பட்டறைக்கு நல்ல பிள்ளையாகப் போய் நிற்கும்.

"மேல இருந்து சார்," என்றேன். இந்த முறை வாய் ஒத்துழைத்தது. "மாலை உள்ள விழுந்து ஓட்டைய அடைச்சிடுச்சு. தண்ணி தேங்கி, பிரேக் போடும்போது சிந்துது. கீழ கொட்டுறது வழி திறந்ததால கொட்டுது."

ஜானகியம்மாள் பின் இருக்கையிலிருந்து கழுத்தை நீட்டி, அக்கா கையில் தொங்கியதைப் பார்த்தார்.

"ஏங்க, அந்தக் குஞ்சம் நம்ம மாலையோட குஞ்சமில்ல?"

சக்கரபாணி சார் குஞ்சத்தைப் பார்த்தார், காயிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வானத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"தானா உதிரணும்னு சொன்னீங்களே," என்றார் ஜானகியம்மாள். "உதிர்ந்திருக்குது பாருங்க, எவ்ளோ ஒழுக்கமா."

 பிறகு சக்கரபாணி சார் தொண்டையைச் செருமினார்.

"சாமந்தி எங்க முளைக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"மண்ணுல சார்."

"மண்ணு எங்க இருக்குது?"

நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன்.

"கீழ," என்றார் அவர். சொல்லிவிட்டு, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். குழியிலிருந்த நீரை அதில் ஒற்றி எடுத்தோம். காயிலைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். கம்பியை அவிழ்த்து ரப்பரைப் பின்னால் போட்டோம். சாவியைத் திருப்பியதும் மூன்று சிலிண்டரும் பேசின. புதுச்சேரி வரை மழை விடவே இல்லை, கார் ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் ஜானகியம்மாள், "ம், போவுது," என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

சாயந்திரம் வீட்டு வாசலில் இறங்கியபோது, சக்கரபாணி சார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நான் நம்பிக்கையோடு காத்திருந்தேன். படித்தவனுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்று நினைக்கிறோம்.

"திங்கக்கிழமை வர வேணாம்மா," என்றார். "நூருல்லாகிட்ட சொன்னது சொன்னதுதான். உன் வண்டி நல்ல வண்டிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உசரம் பத்தாது."

"சரிங்க சார்."

எனக்குத்தான் கோபம் வந்தது. வழியில், "கேட்டிருக்கலாமேக்கா, மாலை அவர் போட்டதுதானே," என்றேன்.

"கேட்டா?" என்றார் அக்கா. "மாலை போட்ட கைய நீ தப்பு சொல்லுவியா தம்பி? நீ படிச்சவன், நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவ. நான் இந்தத் தெருவுலதான் ஓட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கொடியில் நீலச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்ததைத் துவைத்துப் போட்டிருந்தார். நான் அதைப் பார்க்காதது போலப் போனேன். அவரும் நான் பார்க்காதது போலவே இருந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை, வேலை இல்லாதவனுக்கு உள்ள சுதந்திரத்தோடு, சக்கரபாணி சாரின் தெருமுனையில் போய் நின்றேன். நூருல்லாவின் புது வண்டி வந்து நின்றது. கருப்பு, பளபளப்பு, உயரம். நூருல்லாவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சக்கரபாணி சார் வண்டியின் அடியில் குனிந்து கை விட்டு அளந்து பார்த்துத் திருப்திப்பட்டார். ஜானகியம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த உயரமான வீட்டின் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். கீழே வந்து வண்டியைப் பார்த்தார். ஏறுபடி அவருடைய முழங்கால் உயரத்துக்கு இருந்தது.

"இதுல நான் ஏறணுமா?"

"ஒரு எட்டுதான் ஜானகி."

"ஏங்க, கால மடக்கக் கத்துக்கத்தான் புதுச்சேரிக்குப் போறேன். மடக்கி ஏறத் தெரிஞ்சா எதுக்குப் போவணும்?"

நூருல்லா நல்ல மனிதர். "முக்காலி ஒண்ணு போட்டுக்கலாங்கம்மா," என்றார். முக்காலி வந்தது. மண் நெகிழ்ந்திருந்ததால் அது ஒரு பக்கம் சாய்ந்தது. சக்கரபாணி சார் அதைப் பிடித்துக்கொண்டார், நூருல்லா ஜானகியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார், எதிர்வீட்டு அறிவுச்செல்வன் சார் பிரஷ்ஷோடு வந்து, "அழுத்தம் குடுக்கணும், அழுத்தம்," என்றார்.

ஜானகியம்மாள் கையை உதறிவிட்டு, வீட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கீழ்த்தண்ணி வரும்னு வூட்ட உசத்துனீங்க, என் முட்டி போச்சு. கீழ்த்தண்ணி வரும்னு வண்டிய உசத்துறீங்க, இதுல எது போவணும்? என் முட்டியும் கீழதாங்க இருக்குது. அதுக்கும் கொஞ்சம் பயப்படுங்க."

தெருவில் யாரோ சிரித்தார்கள். நூருல்லாவாகக்கூட இருக்கலாம். "அம்மா சொல்றது சரிதாங்க," என்று அவர் முக்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஜானகியம்மாள் மடியிலிருந்து கைப்பேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். கணவரைக் கேட்கவில்லை.

பொற்கொடி அக்கா வந்து சேர்ந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே மூடி புதிதாக மாட்டியிருந்தது. வாடை போயிருந்தது. ஜானகியம்மாள் படியிலிருந்து எழுந்து, திரும்பி, சின்னக் காரின் இருக்கையில் அப்படியே உட்கார்ந்தார். ஏற வேண்டிய தேவையே இல்லை. காலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, "போலாம்," என்றார்.

அக்கா மட்டும் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே நின்ற சக்கரபாணி சாரைப் பார்த்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இனிமே வண்டிக்கு எதக் கட்டுறது, எதப் போடுறதுன்னு நான்தாங்க முடிவு பண்ணுவேன்."

சாரிடம் அக்கா வாயிலிருந்து 'சரிங்க சார்' தவிர வேறொன்று வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சக்கரபாணி சாருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"பூஜைக்குமா?"

"பூஜைக்குந்தாங்க. மாலை வேணாம். எலுமிச்சம்பழம் போதும்."

சக்கரபாணி சார் நீண்ட நேரம் யோசித்தார். உள்ளேயிருந்து ஜானகியம்மாள், "நேரமாவுது," என்றார். எதிர்வீட்டில் வாய் கொப்பளிக்கும் சத்தம் நின்று, காது கூர்மையானது.

"எலுமிச்சம்பழத்த எங்க வெப்ப?" என்று கேட்டார்.

"டயருக்குக் கீழங்க."

"கீழயா?"

"கீழதாங்க."

"கீழன்னா சரி," என்று சொல்லிவிட்டு சக்கரபாணி சார் குனிந்து வண்டிக்குள் ஏறினார். ஏறினார் என்பதுகூடத் தப்பு. இறங்கி உட்கார்ந்தார்.